பிள்ளையைக் கூட்டிப்போக வந்தவர்

பாடசாலைக் காரியாலயத்துக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு வேலை பழக்க ஆட்கள் இருப்பார்கள். சம்பளப் பட்டியலும் கணினிப் பதிவுகளும் சில மாதங்களில் கைக்கு வந்துவிடும். அவற்றைப் பற்றி நான் பேசப் போவதில்லை. உங்கள் நாற்காலி வாசலுக்கு எவ்வளவு கிட்ட இருக்கிறது என்பதைப் பற்றித்தான் பேசப் போகிறேன். அதிபரைத் தேடி வருகிறவர், ஆசிரியரோடு சண்டை பிடிக்க வருகிறவர், பிள்ளைக்குக் காய்ச்சல் என்று அழுதுகொண்டு வருகிறவர் எல்லோரும் முதலில் முட்டுவது உங்கள் மேசையில்தான். அதிபர் இல்லாத நாளில் அவர்களுக்குப் பாடசாலை என்றாலே நீங்கள்தான். இது எந்தச் சுற்றறிக்கையிலும் இருக்காது.

நான் கல்முனைப் பக்கத்துப் பாடசாலைகளில் முகாமைத்துவ உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவள். ஊரில் அந்தப் பெயரை யாரும் சொல்வதில்லை. எல்லோருக்கும் நான் ‘கிளார்க் மிஸ்’. ஓய்வு பெற்ற பிறகும் காலையில் பிள்ளைகள் சீருடையோடு தெருவில் போகத் தொடங்கியதும் எனக்குக் கால் நிலைகொள்ளாது. சமையலறைக்கும் வாசலுக்குமாக நடப்பேன். “உம்மா, ஒரு இடத்துல இரிங்களன்” என்று மகள் சத்தம் போடுவாள். இருக்க முடிவதில்லை. அப்படி நடக்கும்போதெல்லாம் ஒரு நாள் திரும்பத் திரும்ப நினைவுக்கு வரும். அந்த நாளைத்தான் உங்களுக்குச் சொல்ல வந்திருக்கிறேன்.

கச்சான் காற்று அடித்துக்கொண்டிருந்த காலம் அது. மேற்கிலிருந்து வரும் அந்தச் சூட்டுக் காற்றில் ஜன்னலைத் திறந்தால் மேசையில் ஒரு தாள் நிற்காது, மூடினால் மூச்சு முட்டும். அதிபர் மேலிடத்தில் ஒரு கூட்டம் என்று காலையிலேயே போய்விட்டார். இடைவேளை முடிந்து பிள்ளைகள் வகுப்புக்குத் திரும்பிய நேரத்தில், வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. இயந்திரத்தை நிறுத்தாமலே ஒருவர் இறங்கி வந்தார். முப்பத்தைந்து வயதுக்குள் இருக்கும். கசங்கிய சட்டை, சிவந்த கண்.

“அஸ்ஸலாமு அலைக்கும் மிஸ். நாலாம் ஆண்டு ஸஹ்னாட வாப்பா நான். புள்ளயக் கூட்டிட்டுப் போக வந்திரிக்கன். என்ட உம்மா மௌத்தாகிட்டா. லுஹரோட அடக்கம். பொத்துவிலுக்குப் போகணும், கெதியாக் கூப்பிடுங்க.”

“இன்னாலில்லாஹி” என்று என் வாய் சொன்னது. பிள்ளையைக் கூப்பிட எழும்பியும் விட்டேன். லுஹர்த் தொழுகை என்றால் நண்பகல். பொத்துவிலுக்குப் போக ஒன்றரை மணித்தியாலத்துக்கு மேல் பிடிக்கும். மௌத்து வீட்டில் யாருக்காகவும் அதிக நேரம் காத்திருக்க மாட்டார்கள் என்பது நம் எல்லோருக்கும் தெரியும்.

எழும்பிய எனக்கு, வருடத் தொடக்கத்தில் அதே ஜன்னலோரம் வந்து நின்ற ஒரு பெண்ணின் முகம் ஞாபகம் வந்தது. ஸஹ்னாவின் தாய். நற்பிட்டிமுனையில் ஒரு தையல் கடையில் வேலை செய்கிறவள். “மிஸ், எனக்கும் அவருக்கும் சரிவரல்ல. வழக்குப் போகுது. அவரு கட்டார்ல இரிக்காரு. வந்தா புள்ளயக் கொண்டு போயிருவன் எண்டு போன்ல சொல்லுறாரு. என்னத் தவிர ஒருத்தரிட்டயும் புள்ளயக் குடுத்துராதீங்க” என்று சொல்லிவிட்டுப் போனாள். ஓம் என்று தலையாட்டினேன். எந்த நீதிமன்றத்திலிருந்தும் ஒரு கட்டளையும் வந்திருக்கவில்லை. அவள் வாயால் சொன்னாள், நான் காதால் கேட்டேன், அவ்வளவுதான்.

தாய்க்கு அழைப்பு எடுத்தேன். தொலைபேசி நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது. அதிபரின் தொலைபேசியும் அப்படியே. கூட்டத்தில் இருப்பார்.

“கொஞ்சம் இரிங்க தம்பி” என்றேன்.

“இரிக்கிறத்துக்கு நேரம் இல்ல ராத்தா. முந்தாநாள்தான் கட்டார்ல இருந்து வந்த நான். உம்மாட முகத்த ஒரு நாள்தான் உயிரோட கண்டன். அவ கடைசியாக் கேட்டது இந்தப் புள்ளயத்தான்.”

இந்த இடத்தில் உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அவசரம் என்று ஒருவர் வந்து நிற்கும்போது அந்த அவசரம் நம் உடம்புக்குள்ளும் ஏறிவிடும். அவர் வேகமாகப் பேசப் பேச நாமும் வேகமாக முடிவெடுக்கப் பார்ப்போம். அன்று என் கை தானாகவே மேசையிலிருந்த தாள்களை அடுக்கத் தொடங்கியது. அந்தக் கையைப் பார்த்ததும்தான், நான் யோசிக்காமல் ஓடிக்கொண்டிருக்கிறேன் என்பது எனக்கே விளங்கியது.

பொத்துவிலில் ஒரு பாடசாலையில் என்னைப் போலவே காரியாலயத்தில் இருக்கும் ஒருத்தி என் சிநேகிதி. அவளுக்கு அழைத்து, இன்றைக்கு அங்கே ஒரு ஜனாஸா அடக்கம் உண்டா என்று கேட்டேன். சற்று நேரத்தில் ஊர் வாட்ஸ்அப் குழுவில் வந்திருந்த ஜனாஸா அறிவித்தலை எனக்கு அனுப்பினாள். பெயர், தெரு, லுஹருக்குப் பின் நல்லடக்கம். எல்லாம் அவர் சொன்னபடியே இருந்தது.

நான் திரையைப் பார்ப்பதை அவர் கண்டுவிட்டார். “செக் பண்ணிப் பாக்கீங்களா? ஒரு மனிசன் உம்மா மௌத்து எண்டு பொய் சொல்லுவானா ராத்தா?” என்றார். அந்தக் குரல் இன்றைக்கும் என் காதில் இருக்கிறது.

பொய்யாக இருந்திருந்தால் என் வேலை சுலபமாக முடிந்திருக்கும். இப்போது அவர் சொன்னதும் உண்மை, அந்தத் தாய் பயந்ததும் உண்மை. இரண்டும் என் மேசையில் கிடந்தன.

சத்தம் கேட்டுப் பிரதி அதிபர் வந்தார். நல்ல மனம் உள்ள பெண். விஷயத்தைக் கேட்டதும், “குடுத்து அனுப்புங்க மிஸ். வாப்பாவே வந்து நிக்காரு. மௌத்து வீட்டுக்குப் போற புள்ளய மறிக்கிறத்துக்கு நாம யாரு?” என்றார். அதில் ஒரு பிழையும் இல்லை. அவர் இடத்தில் நான் இருந்திருந்தால் நானும் அதையே சொல்லியிருக்கக் கூடும். அந்தத் தாயின் கண்ணைப் பார்த்தது நான் என்பதுதான் எங்கள் இருவருக்கும் இருந்த வித்தியாசம்.

பிள்ளையைக் கூப்பிட்டேன்.

ஸஹ்னா வாசலில் வந்து நின்று தகப்பனைப் பார்த்தாள். மூன்று வருடமாகத் தொலைபேசித் திரையில் மட்டும் கண்ட முகம். முதலில் அலுமாரிக்குப் பக்கத்தில் ஒதுங்கினாள். அவர் தரையில் முழங்காலிட்டு “என்ட கிளி” என்று கையை நீட்டினார். அவள் ஓடிப்போய் அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அவர் அழுத சத்தத்தில் பக்கத்து வகுப்பே அமைதியாகிவிட்டது. பிரதி அதிபர் என்னைப் பார்த்த பார்வை, இனியும் என்ன யோசனை என்று கேட்டது.

பிள்ளையைக் கையில் பிடித்து அதிபரின் அறைக்குள் கூட்டிப்போனேன். கதவைத் திறந்தபடியே விட்டேன். “மகள், வாப்பும்மா மௌத்தாகிட்டா. வாப்பா உன்னக் கூட்டிட்டுப் போக வந்திரிக்காரு. உனக்குப் போக விருப்பமா?”

“போகணும் மிஸ். வாப்பும்மாவப் பாக்கணும்.” மூக்கை உறிஞ்சினாள். பிறகு, “உம்மாவும் வரணும். உம்மாக்குத் தெரியாமப் போனா, உம்மா என்னத் தேடுவா” என்றாள்.

இத்தனை நேரமும் பெரியவர்கள் மூன்று பேர் குடுப்பதா, மறிப்பதா என்று இழுபட்டுக்கொண்டிருந்தோம். மூன்றாவதாக ஒரு வழி இருக்கிறது என்று சொன்னது அந்தப் பிள்ளைதான்.

வெளியில் வந்து அவரிடம் சொன்னேன். “தம்பி, நான் புள்ளய மறிக்கல்ல. உம்மாவோட சேத்து அனுப்புறன். அவவ நானே போய்க் கூட்டிட்டு வாறன்.”

“அவ வரமாட்டா! அவவத் தேடி நீங்க போய் வாறத்துக்குள்ள உம்மாட மையித்து அடக்கத்துக்கு மையவாடிக்குப் போயிரும்!” ஒரு அடி முன்னால் வந்தார். “நீங்க கிளார்க்தானே? என்ட புள்ளய எனக்குத் தராம வெச்சிரிக்க உங்களுக்கு என்ன அதிகாரம்?”

“அதிகாரம் ஒண்டும் இல்ல தம்பி. புள்ள என்ட ஒபிசில நிக்குது. அவ்வளவுதான்.”

அவர் திரும்பி வேன் கதவில் ஓங்கிக் குத்தினார். நான் பிரதி அதிபரிடம், “நீங்க சொல்லுறதும் சரிதான் டீச்சர். பழி என்ட தலையில இரிக்கட்டும். நான் வரும்வரைக்கும் இந்தப் புள்ளக்குப் பக்கத்தில மட்டும் இரிங்க” என்றேன். அவர் கதிரையை இழுத்துப் போட்டுப் பிள்ளையின் அருகில் உட்கார்ந்தார். அவர் என்னோடு ஒத்துப்போகவில்லை. ஆனாலும் உட்கார்ந்தார். அந்த உதவியை நான் மறந்ததில்லை.

ஓட்டோ பிடித்து நற்பிட்டிமுனைக்குப் போனேன். பச்சை வயலுக்கு மேல் காற்று ஊளையிட்டுக்கொண்டிருந்தது. தையல் கடையில் அவள் இல்லை. துணி எடுக்க மருதமுனைக்குப் போயிருக்கிறாள் என்றார்கள். அங்கிருந்து மருதமுனைக்கு. எந்தக் கடை என்று தெரியாது. ஒவ்வொரு புடைவைக் கடையாக ஏறி இறங்கினேன். ஒவ்வொரு கடையிலும் மணிக்கூடு இருந்தது. எதையும் நிமிர்ந்து பார்க்கப் பிடிக்கவில்லை. திரும்பிப் போய்விடுவோமா, பிள்ளையை அவரோடு அனுப்பிவிடுவோமா என்று இரண்டு தடவை ஓட்டோவைத் திருப்பச் சொல்ல வாயெடுத்தேன். நான்காவது கடையோ ஐந்தாவது கடையோ, துணிக்கட்டுகளுக்கு நடுவில் அவளைக் கண்டேன்.

என்னைக் கண்டதுமே அவள் முகம் வெளுத்துவிட்டது. “புள்ளக்கு என்ன மிஸ்?”

“புள்ளக்கு ஒண்டும் இல்ல. ஒபிசில இரிக்கா. அவட வாப்பா வந்திரிக்காரு. உங்கட மாமி மௌத்தாகிட்டா.”

“பொய்! பொய் மிஸ், கூட்டிட்டுப் போறத்துக்குச் சொல்லுறாரு!”

சிநேகிதி அனுப்பிய அறிவித்தலைக் காட்டினேன். பெயரை வாசித்தவள் துணிக்கட்டின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். “மாமி என்னோட நல்லம் மிஸ். நான் கோவிச்சிட்டு வெளிக்கிட்ட நேரம், பசிக்கும் எண்டு சோறு கட்டித் தந்து அனுப்பின மனிசி” என்றாள். அழுகைக்கு நடுவிலேயே பயம் திரும்ப வந்தது. “அது அவங்கட ஊரு. அங்க வெச்சி அவங்க புள்ளய வெச்சிக்கிட்டா நான் என்ன செய்யிற? நீங்க பொறுப்பு நிப்பீங்களா?”

அந்த நேரத்தில் ‘ஓம்’ என்று சொல்லியிருந்தால் அவள் உடனே எழும்பியிருப்பாள். ஆனால் என்னால் காப்பாற்ற முடியாத வாக்கு அது. “எனக்குப் பொறுப்பு நிக்க ஏலாது தங்கச்சி. உங்களப் போகச் சொல்லவும் மாட்டன், போக வேணாம் எண்டும் சொல்ல மாட்டன். புள்ள போகணும் எண்டு கேக்குது. உம்மாவும் வரணும் எண்டு கேக்குது. அதச் சொல்லத்தான் வந்தன்.”

அவள் யோசித்தாள். நேரம் ஓடிக்கொண்டிருந்தது. நான் அவளை அவசரப்படுத்தவில்லை. கடைசியில் என் தொலைபேசியை வாங்கித் தன் காக்காவுக்கு, அதாவது மூத்த சகோதரனுக்கு, அழைத்தாள். அவர் மோட்டார் சைக்கிளில் வேனுக்குப் பின்னால் வருவதென்று முடிவாயிற்று. அவர் வந்து சேரவும் கொஞ்ச நேரம் போனது.

பாடசாலைக்குத் திரும்பியபோது தகப்பன் வாசல் நிழலில் வெறும் தரையில் உட்கார்ந்திருந்தார். மனைவி ஓட்டோவிலிருந்து இறங்குவதைக் கண்டு எழும்பினார். அவள் அவர் முகத்தைப் பார்க்காமல், “மாமிக்காகத்தான் வாறன்” என்றாள். அவர் வேன் கதவைத் திறந்துவிட்டார். பிள்ளை இருவருக்கும் நடுவில் ஏறி உட்கார்ந்தாள். வேன் போனது, பின்னால் மோட்டார் சைக்கிளும் போனது.

என் மேசைக்கு வந்து உட்கார்ந்தேன். ஒரு வரி எழுத முடியவில்லை. எழும்பி நடந்தேன், உட்கார்ந்தேன், மறுபடியும் நடந்தேன். பள்ளிவாசலில் லுஹர்த் தொழுகைக்கு வாங்கு சொன்னார்கள். வேன் அப்போது வழியிலிருக்கும் அக்கரைப்பற்றைக் கூடத் தாண்டியிருக்காது. அந்த வாங்கு முடியும்வரை ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

பொழுது சாயும் நேரம் தாய் அழைத்தாள். “வீட்டுக்கு வந்து சேந்திட்டம் மிஸ். புள்ள என்னோடதான் இரிக்கு.” அதைத்தான் முதலில் சொன்னாள். “முகம் பாக்கக் கிடைக்கல்ல. நாங்க போகக்குள்ள மையித்து வெச்ச சந்தூக்கு வெளிக்கிட்டுப் போயிட்டு. அவரு வேன்ல இருந்து குதிச்சி மையவாடிக்கு ஓடினாரு. மண்ணு போட மட்டும் கிடைச்சிரிக்கு. புள்ள மாமி படுத்த கட்டிலப் புடிச்சிக்கொண்டு அழுதுச்சி.”

அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்வதா, வேறு என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

அவர் பிள்ளையைத் தன்னோடு வைத்துக்கொள்ள நினைத்து வந்தாரா, இல்லை மௌத்து வீட்டுக்கு மட்டும் கூட்டிப் போகத்தான் வந்தாரா? இன்றைக்கும் எனக்குத் தெரியாது. தெரியப் போவதுமில்லை. பிறகொரு நாள் பஸ்ஸில் அவரைக் கண்டேன். முகத்தைத் திருப்பிக்கொண்டார். தாயின் முகத்தைக் கடைசியாக ஒரு தடவை பார்க்க விடாத பெண் மீது அவருக்கு வேறு எப்படி இருக்கும்? உங்கள் வேலையில் நல்ல முடிவு என்பது எல்லோரும் கைகுலுக்கிப் பிரிகிற முடிவாக இருக்காது. சரியாகவே யோசித்து எடுத்த முடிவுக்கும் ஒருவர் விலை கொடுப்பார். அதைத் தாங்கிக்கொண்டு அடுத்த நாள் வேலைக்கு வரப் பழக வேண்டும்.

அந்தத் தகப்பன் மேலிடத்துக்கு முறைப்பாடு எழுதினார். அதில் ஒரு சொல்லும் பொய் இல்லை. என்னை விளக்கத்துக்குக் கூப்பிட்டார்கள். மூன்று அதிகாரிகள் இருந்தார்கள். அதிபரும் ஒரு பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

“எந்தச் சுற்றறிக்கைப்படி நீங்க பிள்ளையத் தடுத்து வெச்சீங்க?”

“அப்பிடிச் சுற்றறிக்கை ஒண்டும் இல்ல சேர். குடுக்கச் சொல்லியும் இல்ல.”

“அப்ப முடிவெடுக்க நீங்க யாரு?”

“வேற ஒருத்தரும் இருக்கல்ல சேர்.”

பிரதி அதிபர் இருந்தாரே என்று நான் சொல்லவில்லை. பழி என் தலையில் என்று சொல்லிவிட்டுத்தான் போயிருந்தேன். அதிபரிடம் கேட்டார்கள். அவர் மேசையைப் பார்த்தபடி, “அது அவ எடுத்த முடிவு. எனக்கு அறிவிக்கப்படல்ல” என்றார். அதுவும் உண்மைதான். எனக்கு எச்சரிக்கைக் கடிதம் கிடைத்தது.

திரும்பி வந்ததும் அதிபர் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். “மிஸ், நான் நிண்டிருந்தாலும் அதத்தான் செஞ்சிரிப்பன்” என்றார்.

“அத அங்க வெச்சிச் சொல்லியிருக்கலாமே சேர்.”

அவர் மேசை லாச்சியைத் திறந்து ஒரு விண்ணப்பத்தை எடுத்தார். திருகோணமலையில் பாடசாலைக் காரியாலய உத்தியோகத்தர்களுக்கு ஒரு வாரப் பயிற்சி. அதற்கு முன்னும் அப்படிப் பயிற்சிகள் வந்ததுண்டு. ஒவ்வொரு தடவையும், “நீங்க இல்லாட்டி ஒபிஸ் ஓடாது மிஸ்” என்று சிரித்துக்கொண்டே மறுத்துவிடுவார். நானும் அதைப் பெருமையாக எடுத்துக்கொண்டு வீட்டில் போய்ச் சொல்லுவேன். நீங்கள் அப்படி ஏமாறாதீர்கள். நீங்கள் இல்லாவிட்டால் ஒன்றும் ஓடாது என்று யாராவது சொன்னால், உங்களை அந்த நாற்காலியிலேயே கட்டி வைக்கிறார் என்று அர்த்தம். அவர் பாசத்தோடுதான் கட்டுகிறார். ஆனாலும் அது கட்டுதான். அந்த முறை அதிபர் தானாகவே கையெழுத்துப் போட்டுத் தந்தார். “ஒபிஸ நான் பாத்துக்கொள்ளுறன். போயிட்டு வாங்க” என்றார். அவர் என்னிடம் மன்னிப்புக் கேட்ட விதம் அது.

திருகோணமலையில் கிழக்கின் எல்லாப் பக்கத்திலிருந்தும் ஆட்கள் வந்திருந்தார்கள். எல்லோரும் என்னைப் போல வாசலுக்குக் கிட்ட நாற்காலி போட்டிருப்பவர்கள். இத்தனை வருட வேலையில் என் தொழிலைச் செய்கிறவர்கள் இவ்வளவு பேரை ஒரே அறையில் நான் கண்டதில்லை. ஆசிரியர்களுக்கு ஆசிரியர் தினம் இருக்கிறது, அதிபர்களுக்குச் சங்கம் இருக்கிறது. நாங்கள் ஒருவரையொருவர் குரலால் மட்டும் தெரிந்தவர்கள்.

விரிவுரையாளர் ஒரு இளைஞர். இரண்டாம் நாள், “ஒருவரிடமும் கேட்க வழியில்லாமல் நீங்கள் தனியாக எடுத்த ஒரு முடிவைச் சொல்லுங்கள்” என்றார். எனக்குத்தான் இருப்புக் கொள்ளாதே, எழும்பிச் சொன்னேன். சொல்லி முடித்ததும் அறை இரண்டாகப் பிரிந்தது. குடுத்திருக்க வேண்டும் என்று ஒரு பக்கம், குடுத்திருக்கவே கூடாது, தாயைத் தேடிப் போனதும் பிழை என்று மறு பக்கம். சத்தம் போட்டார்கள், மேசையில் தட்டினார்கள். எனக்கு அது சந்தோசமாக இருந்தது. என் முடிவை நாலு பேர் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

ஆலையடிவேம்புப் பக்கத்திலிருந்து வந்திருந்த ஒருவர் மட்டும் கடைசி வரிசையில் பேசாமல் இருந்தார். நரைத்த தலை, நெற்றியில் திருநீறு. தேநீர் நேரத்தில் வராந்தாவில் என் பக்கத்தில் வந்து நின்றார். கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்கவில்லை.

“நான் குடுத்திட்டன் மிஸ்” என்றார்.

எனக்கு முதலில் விளங்கவில்லை.

“இதே மாதிரித்தான். தாய் தகப்பன் பிரிஞ்ச ஆக்கள் எண்டு எனக்குத் தெரியும். தகப்பன் வந்து, பிள்ளைக்குப் பல் காட்டப் போகணும் எண்டார். சிரிச்சிக் கதைச்சார். தகப்பன்தானே எண்டு அனுப்பிட்டன். வேற மாவட்டத்துக்குக் கொண்டு போயிட்டார். அந்தப் பிள்ளை பிறகு எங்கட பள்ளிக்கு வரவேயில்ல. தாய் கொஞ்ச நாள் வாசல்ல வந்து இருந்தா. நான் அவவத் தாண்டித்தான் உள்ளுக்குப் போறது.”

“விசாரணை வெச்சாங்களா?”

“ஓம். அதிபரைக் கேட்டாங்க. வகுப்பு டீச்சரைக் கேட்டாங்க. என்ன ஒருத்தரும் கூப்பிடல்ல.” அவர் கடலைப் பார்த்துக்கொண்டு பேசினார். “ஒபிசில இருக்கிற ஆள் ஒரு முடிவு எடுத்திருப்பான் எண்டு அவங்களுக்குத் தோணவேயில்ல. உங்களுக்கெண்டாலும் ஒரு கடிதம் தந்தாங்க மிஸ்.”

அதுவரை அந்த எச்சரிக்கைக் கடிதத்தை எனக்கு நேர்ந்த அவமானமாகத்தான் நினைத்திருந்தேன். திட்டுவதற்குக் கூட ஆள் என்று கணக்கில் எடுக்கப்படாத ஒருவர் என் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். பாராட்டு, அங்கீகாரம் என்று நாம் பேசுகிறோமே, பொன்னாடையும் கேடயமும் அதில் கடைசிப் பங்கு. நாம் முடிவெடுக்கிறோம் என்று முதலில் யாராவது நம்ப வேண்டும். அப்போதுதான் நமக்குக் கற்றுத் தருவார்கள், பிழை விட்டால் கேட்பார்கள், சரியாகச் செய்தால் சொல்வார்கள்.

மீதி நாட்களில் அவரும் நானும் உட்கார்ந்து சில யோசனைகளை எழுதினோம். பிள்ளையை யாரிடம் ஒப்படைக்கலாம் என்பதைப் பாடசாலையில் சேர்க்கும்போதே தாயிடமும் தகப்பனிடமும் கேட்டுக்கொள்ள வேண்டும். அதிபர் வெளியில் போகும்போது யார் முடிவெடுப்பது என்று சொல்லிவிட்டுப் போக வேண்டும். காரியாலயத்தில் இருப்பவர்களுக்கும் ஆசிரியர்களைப் போல வருடாவருடம் பயிற்சி வேண்டும். முதல் இரண்டும் இன்று எங்கள் பக்கத்துப் பல பாடசாலைகளில் நடக்கின்றன. நீங்கள் அதைச் சாதாரணமாகச் செய்துகொண்டிருப்பீர்கள். மூன்றாவது ஒரு வருடம் நடக்கும், மறு வருடம் நின்றுபோகும். அதற்காகச் சண்டை பிடிப்பது இனி உங்கள் வேலை. பயிற்சிக்கு விண்ணப்பம் வந்தால் வெட்கப்படாமல் கேளுங்கள். மறுத்தால் ஏன் என்று கேளுங்கள். ஒரு நாளில் நீங்கள் எடுத்த கஷ்டமான முடிவை அடுத்த பாடசாலையில் இருப்பவரிடம் சொல்லுங்கள். அவரும் ஒன்றை வைத்துக்கொண்டு யாரும் கேட்பார்களா என்று இருப்பார்.

அந்தப் பயிற்சியின் கடைசி நாளில் எங்கள் யோசனைகளை ஆலையடிவேம்புக்காரர்தான் வாசித்தார். வாசித்து முடித்து உட்காரப் போனவரை விரிவுரையாளர் நிறுத்தினார்.

“ஒரு கேள்வி சேர். பயிற்சி, பதவி உயர்வு எல்லாம் இருக்கும்போது, பிள்ளையை ஒப்படைக்கிற விஷயத்தை ஏன் முதலாவதாக வைத்தீர்கள்?”

அவர் தாளை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். என்னைப் பார்த்தார். நான் தலையை மட்டும் அசைத்தேன். முதலில் தன் பெயரைச் சொன்னார். பிறகு தன் பதவியைச் சொன்னார்.

“ஏனெண்டா அந்த முடிவை எடுத்தது நான்” என்றார்.

அறையில் கதைத்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். விரிவுரையாளர் ஒரு கதிரையை அவர் பக்கம் நகர்த்தி, “இருந்துகொண்டு சொல்லுங்க சேர்” என்றார்.

“இல்ல தம்பி. நான் நிண்டுகொண்டே சொல்லுறன்.”

அவர் முதலிலிருந்து சொல்லத் தொடங்கினார். இறுதிவரை ஒருவரும் இடைமறிக்கவில்லை.